அமெரிக்கத் தேர்தலும் நம் ஊர்ச் சண்டையும்: வாதத்தைப் பிரித்துப் பார்ப்போம்



அமெரிக்காவில் செவ்வாய்க்கிழமை மாலை வாக்குச்சாவடிகள் மூடத் தொடங்கும்போது நம் ஜொகூரில் புதன்கிழமை காலை. 2024 நவம்பர் 6ஆம் நாளும் அப்படித்தான். ஆசிரியர் அறையில், ஒட்டுக்கடையில், இரவு உணவு மேசையில் என்று அன்று முழுவதும் டிரம்ப், கமலா ஹாரிஸ் பேச்சுதான். நமக்கு அங்கே ஓட்டு இல்லை. இருந்தாலும் குரல் உயர்ந்தது, சில இடங்களில் முகமும் சிவந்தது. அதற்குப் பிறகு வரி விவகாரம் வந்தது. பேச்சு இன்னும் சூடானது.

இதில் நமக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது. தேர்வில் வாதக் கட்டுரையோ விவாதக் கட்டுரையோ எழுதும் மாணவர் செய்யும் தவறுகள் எல்லாம் இந்தச் சண்டைகளில் அப்படியே கிடைக்கின்றன. ஆதாரம் இல்லாத கூற்று, கேள்விக்குப் பொருந்தாத பதில், கருத்தை விட்டு ஆளைத் தாக்குவது, பாதி தெரிந்த செய்தியை முழுச் செய்தியாகச் சொல்வது. ஆகவே அமெரிக்க அரசியலை எடுத்துக்காட்டாக வைத்து, ஒரு வாதத்தை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பதைக் கற்றுக்கொள்வோம். எந்தக் கட்சி நல்ல கட்சி என்று தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கம் அன்று.

1. ஏன் இவ்வளவு சூடு?

தூரத்து நாட்டு அரசியல் நம்மைத் தொடுவதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, ‘நம்ம ஆளு’ என்ற உணர்வு. கமலா ஹாரிஸின் தாயார் சியாமளா கோபாலன் சென்னையில் பிறந்து, 1958இல் மேற்படிப்புக்காகக் கலிபோர்னியா சென்றவர். தாத்தா பி.வி. கோபாலனின் பூர்வீகம் மன்னார்குடிக்கு அருகிலுள்ள துளசேந்திரபுரம். 2020இலும் 2024இலும் அவ்வூர்க் கோயிலில் அவருக்காகச் சிறப்புப் பூசை நடந்தது. 2020 ஆகஸ்டில் கட்சி மாநாட்டு உரையில் அவர் ‘சித்தி’ என்ற தமிழ்ச்சொல்லைச் சொன்னபோது உலகத் தமிழர் பலர் பூரித்துப் போனார்கள். அந்தப் பூரிப்பு இயல்பானது. ஆனால், “நம்ம பொண்ணு, அதனால அவங்க கொள்கையும் சரி” என்று பேச்சு நகரும்போது வாதம் தடம் மாறிவிடுகிறது. ஒருவரின் ஊரும் பேரும் அவர் முன்வைக்கும் கொள்கைக்குச் சான்று ஆகா.

இரண்டாவது, வயிற்றுப்பாடு. நம் மூவார் வட்டாரம் நாட்டின் மரத் தளவாட உற்பத்தியில் முதன்மையான இடம். அத்தளவாடங்களுக்கு மிகப் பெரிய வெளிநாட்டுச் சந்தை அமெரிக்கா. 2025 ஏப்ரல் 2ஆம் நாள் மலேசியப் பொருள்களுக்கு 24 விழுக்காடு வரி என்று டிரம்ப் அறிவித்தார். ஜூலையில் அது 25 என்று கடிதம் வந்தது. ஆகஸ்டில் 19 விழுக்காடாக நடைமுறைக்கு வந்தது. தொழிற்சாலையில் வேலை செய்யும் அப்பாவுக்கு இது வெறும் உலகச் செய்தி இல்லை. அடுத்த மாத ‘ஓட்டி’யைப் பற்றிய செய்தி.

மூன்றாவதுதான் பலர் கவனிக்காதது. வெளியூர்ப் பெயரை வைத்து உள்ளூர் மனக்குறையைப் பேசுவது. சிறுபான்மையினர் உரிமை, குடியேறிகள், சமயம், மொழி, வேலை வாய்ப்பு ஆகியவை அமெரிக்காவிலும் பேசப்படுகின்றன, இங்கும் பேசப்படுகின்றன. நேரடியாகப் பேசத் தயங்குவதை அமெரிக்காவின் தலையில் வைத்துப் பேசுகிறோம். அப்போது எதிரே இருப்பவர் டிரம்பைப் பற்றிச் சொன்னது, நம்மைப் பற்றிச் சொன்னதுபோல் சுடுகிறது.

2. ஒரு வாதத்துக்குள் நான்கு கேள்விகள்

ஒரு மாதிரி உரையாடலைப் பாருங்கள். மாமாவும் மருமகனும் பேசிக்கொள்கிறார்கள்.

மாமா: வரி போட்டு நம்ம ஊரு காச அள்ளுறாண்டா. மூவார் கம்பெனிக்காரன்லாம் இப்ப அமெரிக்காவுக்கு வரி கட்டிக்கிட்டு இருக்கான்.

மருமகன்: மாமா, அவங்க நாட்டுத் தொழிலக் காப்பாத்துறாங்க. அதுல என்ன தப்பு?

மாமா: ஓஹோ, நீ அவன் கட்சியா?

மருமகன்: உங்களுக்கு அவரப் புடிக்காது. அதான் இப்படிப் பேசுறீங்க.

மாமா: பாத்துக்கிட்டே இரு, இன்னும் ரெண்டு வருசத்துல எல்லாக் கடையும் மூடிருவான்.

ஐந்தே வரி. ஆனால் இருவரும் ஒரு முறைகூட ஒரே கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. மாமா தொடங்கியது செய்தி பற்றிய கூற்று. மருமகன் பதில் சொன்னது சரியா தவறா என்ற மதிப்பீடு. மூன்றாவது, நான்காவது வரிகள் ஆளைப் பற்றியவை. அவற்றில் வாதமே இல்லை. கடைசி வரி வருங்காலக் கணிப்பு.

அரசியல் பேச்சில் பொதுவாக நான்கு வகைக் கேள்விகள் கலந்து கிடக்கும்.

நடந்தது என்ன? இது செய்தி. ஆதாரத்தைப் பார்த்தால் தீர்ந்துவிடும். கத்தத் தேவையில்லை.

ஏன் நடந்தது? இது காரணம். ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் இருக்கலாம். “இதனால்தான்” என்று ஒற்றைக் காரணம் சொல்லும்போது எச்சரிக்கையாக இருங்கள்.

அது சரியா? இது மதிப்பீடு. இங்கே நியாயமான இருவர் கடைசிவரை வேறுபடலாம். எதை முக்கியமாகக் கருதுகிறோம் என்பதைச் சொல்லிவிட்டால் போதும்.

இனி என்ன ஆகும்? இது கணிப்பு. யாருக்கும் உறுதியாகத் தெரியாது. ஆகவே ‘ஆகலாம்’, ‘வாய்ப்புண்டு’ என்று எழுதுவதே முறை.

மாணவர்களே, கட்டுரைத் தலைப்பைப் பார்த்ததும் இந்த நான்கில் எது கேட்கப்படுகிறது என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ‘காரணங்களை விளக்குக’ என்று கேட்டால் சரியா தவறா என்று தீர்ப்பு எழுதிப் பயனில்லை. மாமாவும் மருமகனும் செய்தது அதைத்தான்.

3. முதலில் செய்தியைச் சரிசெய்வோம்

சூட்டில் பாதி, செய்திப் பிழையால் வருவது. அடிக்கடி காதில் விழும் நான்கு பிழைகளைப் பார்ப்போம்.

(அ) “ஓட்டு யாருக்கு அதிகமோ அவங்கதான் அதிபர்.”

அமெரிக்காவில் அப்படி இல்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஓர் எண்ணிக்கையில் தேர்வாளர்கள் உண்டு. மொத்தம் 538 பேர். இந்த எண் எப்படி வந்தது? கீழவை உறுப்பினர் 435, செனட் உறுப்பினர் 100, தலைநகர் வாசிங்டனுக்கு 3. கூட்டினால் 538. இதில் 270 பெறுபவர் அதிபர். பெரும்பாலான மாநிலங்களில், அம்மாநிலத்தில் ஓர் ஓட்டு கூடுதலாகப் பெற்றவருக்கே அதன் எல்லாத் தேர்வாளர்களும் போய்விடுவார்கள். மேய்ன், நெப்ராஸ்கா ஆகிய இரண்டு மாநிலங்கள் மட்டும் பிரித்துக் கொடுக்கின்றன.

விளைவைப் பாருங்கள். 2000இல் அல் கோர் நாடு முழுவதும் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டுகள் கூடுதலாகப் பெற்றார். ஆனால் புளோரிடாவில் 537 ஓட்டு வித்தியாசத்தில் தோற்றதாக அறிவிக்கப்பட்டு, 271க்கு 266 என்ற கணக்கில் ஜோர்ஜ் புஷ் அதிபரானார். 2016இல் ஹிலரி கிளிண்டன் ஏறத்தாழ 29 லட்சம் ஓட்டுகள் கூடுதலாகப் பெற்றும் டிரம்ப் வென்றார். 2024இல் நிலைமை வேறு. டிரம்புக்கு 312 தேர்வாளர்கள், ஹாரிஸுக்கு 226. மக்கள் ஓட்டிலும் டிரம்பே முன்னிலை. ஆகவே 2016ஐப் பற்றிய வாதத்தை 2024க்குத் தூக்கிக்கொண்டு வரக்கூடாது. ஆண்டைச் சொல்லாமல் பேசுவதுதான் இங்கே நடக்கும் பெரிய பிழை.

“என்னங்க இது, அநியாயமா இருக்கே” என்று சொல்வதற்கு முன் நம் வீட்டையும் ஒரு முறை எட்டிப் பார்ப்போம். 2013 மே 5ஆம் நாள் நடந்த நம் 13ஆவது பொதுத்தேர்தலில் பாக்காத்தான் ராக்யாட் கூட்டணி ஏறத்தாழ 51 விழுக்காடு ஓட்டுப் பெற்றது. தேசிய முன்னணி ஏறத்தாழ 47 விழுக்காடு. ஆனால் 222 இடங்களில் 133 தேசிய முன்னணிக்கு. தொகுதிவாரியாக எண்ணும் எந்த முறையிலும் இப்படி நிகழ முடியும். இதைத் தெரிந்துகொண்டால், ‘திருடிவிட்டார்கள்’ என்ற சொல்லுக்குப் போகுமுன், ‘முறையே அப்படி அமைந்திருக்கிறது, அம்முறை சரியா?’ என்ற நல்ல கேள்விக்கு வந்துசேர்வோம்.

(ஆ) “பெரும்பான்மை மக்கள் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டாங்க.”

இது தமிழாசிரியர்கள் கவனிக்க வேண்டிய சொல். பெரும்பான்மை என்றால் பாதிக்கு மேல். 2024இல் டிரம்ப் பெற்றது 49.8 விழுக்காடு. ஹாரிஸ் பெற்றது 48.3 விழுக்காடு. டிரம்ப் பெற்றது மற்ற எவரையும்விட அதிகம். ஆனால் பாதியைத் தாண்டவில்லை. ‘அதிக ஓட்டு’ என்று எழுதினால் சரி. ‘பெரும்பான்மை ஓட்டு’ என்று எழுதினால் பிழை. 2022இல் நம் ஜொகூர் சட்டமன்றத் தேர்தலிலும் இப்படித்தான். தேசிய முன்னணி சுமார் 43 விழுக்காடு ஓட்டுப் பெற்று, 56 இடங்களில் 40 வென்றது. இடத்தில் பெரும்பான்மை, அதுவும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். ஓட்டில் பெரும்பான்மை இல்லை. ‘எதில்?’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் பாதிச் சண்டை அடங்கிவிடும்.

(இ) “டிரம்ப ரெண்டு தடவ பதவிநீக்கம் செஞ்சாங்களே, அப்புறம் எப்படி மறுபடி வந்தாரு?”

இந்தக் குழப்பத்துக்கு மொழிபெயர்ப்பும் ஒரு காரணம். ‘இம்பீச்மென்ட்’ என்பதைத் தமிழ்ச் செய்திகள் ‘பதவிநீக்கத் தீர்மானம்’ என்று எழுதுகின்றன. கேட்பவர் ‘தீர்மானம்’ என்பதை விட்டுவிட்டுப் ‘பதவிநீக்கம்’ என்பதை மட்டும் பிடித்துக்கொள்கிறார். உண்மையில் நடப்பது இரண்டு கட்டம். கீழவை குற்றம் சாட்டும்; அதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். பிறகு செனட் விசாரிக்கும். அங்கே மூன்றில் இரண்டு பங்கினர் குற்றவாளி என்றால்தான் பதவி போகும். டிரம்ப் மீது 2019 டிசம்பரிலும் 2021 ஜனவரியிலும் குற்றம் சாட்டப்பட்டது. இரண்டு முறையும் செனட்டில் அந்த எண்ணிக்கை சேரவில்லை. இந்த வழியில் இதுவரை எந்த அமெரிக்க அதிபரும் பதவி இழந்ததில்லை. 1974இல் நிக்சன், கீழவை வாக்கெடுப்புக்கு முன்பே தாமாக விலகினார்.

நம் நாட்டு முறை வேறு. இங்கே மக்களவையில் பெரும்பான்மை போனால் பிரதமர் பதவியும் போகும். பொதுத்தேர்தலே இல்லாமல் 2020இலும் 2021இலும் பிரதமர் மாறியதை நாம் பார்த்தோம். அமெரிக்க அதிபர் நாடாளுமன்ற உறுப்பினரே இல்லை. நான்கு ஆண்டுத் தவணை அவருக்கு உறுதி. நம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அங்கே பார்த்தால் எல்லாம் கோணலாகத்தான் தெரியும்.

(ஈ) “மூவார் கம்பெனி அமெரிக்காவுக்கு வரி கட்டுது.”

மாமாவின் கூற்றுக்கு வருவோம். இறக்குமதி வரியை அமெரிக்கச் சுங்கத்துறையிடம் கட்டுவது, அந்தப் பொருளை அங்கே இறக்குமதி செய்யும் நிறுவனம். ஆகவே மாமா சொன்னது பிழை. அதற்காக மருமகன் வென்றுவிட்டார் என்று எண்ண வேண்டாம். கட்டுவது யார் என்பது ஒரு கேள்வி. சுமப்பது யார் என்பது வேறு கேள்வி. இறக்குமதியாளர் விலையை ஏற்றினால் அமெரிக்க வாடிக்கையாளர் சுமப்பார். “விலையைக் குறைச்சுக் கொடு” என்று நம் தொழிற்சாலையை நெருக்கினால் மூவார் முதலாளி சுமப்பார். வாங்கும் அளவைக் குறைத்தால் மிகைநேர வேலையை நம்பியிருக்கும் தொழிலாளி சுமப்பார். மாமாவின் செய்தி தவறு. அவருடைய கவலை தவறில்லை. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவரே நல்ல வாதி.

4. சொற்களில் ஒளிந்திருக்கும் கண்ணி

அமெரிக்க அரசியல் சொற்களைத் தமிழில் எழுதும்போது மூன்றில் கவனம் தேவை.

‘செனட்டர்’: நம் மேலவையில் 70 பேர். அவர்களில் 44 பேர் மாமன்னரால் நியமிக்கப்படுபவர்கள். 26 பேர் மாநிலச் சட்டமன்றங்கள் தேர்ந்தெடுப்பவர்கள். அமெரிக்கச் செனட்டர்கள் 100 பேரும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பவர்கள். பெயர் ஒன்றுதான், கையில் உள்ள அதிகாரம் ஒன்றில்லை.

‘ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி’: இவை வெறும் பெயர்கள். ஒன்று ஜனநாயகத்தை ஆதரிக்கிறது, மற்றொன்று எதிர்க்கிறது என்று பெயரை வைத்துப் பொருள் கொள்ளக்கூடாது.

‘செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்’: இதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘மாநிலச் செயலாளர்’ என்று எழுதினால், ஜொகூர் வாசகருக்குக் கோத்தா இஸ்கண்டாரில் இருக்கும் அரசு அதிகாரி நினைவுக்கு வருவார். அமெரிக்காவில் அது வெளியுறவு அமைச்சர் பதவி. பொருளைப் பெயர்க்க வேண்டும்.

5. நன்னூல் சொல்லும் ஏழு நிலை

எதிர்க்கருத்தை என்ன செய்வது? பலருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: மறுப்பது. பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் ‘எழுவகை மதம்’ என்று ஏழு நிலைகளைச் சொல்கிறார். இங்கே மதம் என்பது சமயம் அன்று, கொள்கை. நூலாசிரியர்களுக்காகச் சொன்னது என்றாலும் விவாத மேடைக்கும் அது அப்படியே பொருந்தும். ‘தேர்வாளர் முறையை அமெரிக்கா கைவிட வேண்டும்’ என்ற தலைப்பை வைத்து ஒவ்வொன்றையும் பார்ப்போம்.

ஒன்று, உடன்படுதல். “எல்லா ஓட்டுக்கும் சம மதிப்பு வேண்டும் என்று சொல்கிறீர்கள். அதை நானும் ஏற்கிறேன்.”

இரண்டு, மறுத்தல். “மக்கள் ஓட்டில் முந்தியவர் எப்போதும் தோற்பதுபோல் பேசுகிறீர்கள். 2008, 2012, 2020, 2024 ஆகிய தேர்தல்களில் மக்கள் ஓட்டில் முந்தியவரே வென்றார்.”

மூன்று, முதலில் ஏற்றுப் பின் விலக்குதல். “சிறிய மாநிலத்தின் குரல் அமுங்கக் கூடாது என்பது சரிதான். ஆனால் அதற்கென்றே செனட்டில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் சமமாக இரண்டு இடம் இருக்கிறதே. அதிபர் தேர்தலிலும் கூடுதல் எடை எதற்கு?”

நான்கு, தன் கருத்தை நாட்டி நிலைநிறுத்துதல். “வயோமிங்கின் மக்கள்தொகை 6 லட்சத்துக்கும் குறைவு, அதற்கு 3 தேர்வாளர்கள். கலிபோர்னியாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 3 கோடியே 90 லட்சம், அதற்கு 54. அங்கே ஒரு தேர்வாளருக்கு 2 லட்சம் பேர்கூட இல்லை, இங்கே 7 லட்சத்துக்கும் மேல். ஆகவே எடை சமமில்லை.”

ஐந்து, இருவர் முரண்பட்டுச் சொல்வதில் ஒன்றைத் துணிதல். இரண்டு பக்கத்தையும் கேட்டு, காரணம் காட்டி, ஒரு முடிவுக்கு வருவது. விவாதக் கட்டுரையின் முடிவுரைக்கு ஏற்றது.

ஆறு, எதிர்த்தரப்பு நூலின் குற்றத்தைக் காட்டுதல். “நீங்கள் காட்டும் எண் 2016க்கு உரியது, 2024ஐப் பேசும்போது அது பொருந்தாது.” கவனியுங்கள், குற்றம் நூலில்தான் காட்டப்படுகிறது, நூல் எழுதியவரிடம் இல்லை.

ஏழு, பிறர் கருத்தோடு சேராமல் தன் கொள்கையைத் தனியே கொள்ளுதல். “முறையை ஒழிக்கவும் வேண்டாம், அப்படியே வைக்கவும் வேண்டாம். எல்லா மாநிலமும் மேய்ன், நெப்ராஸ்கா போல் பிரித்துக் கொடுக்கலாம்.”

ஏழில் முதலாவதே உடன்படுதல் என்பதை மாணவர்களுக்குச் சொல்லுங்கள். எதிரணி சொன்னதில் சரியானதைச் சரி என்று சொன்னால் நம் வாதம் இளைத்துப் போகாது. நாம் கேட்டுவிட்டுத்தான் பேசுகிறோம் என்பது நடுவருக்கும் தேர்வாளருக்கும் தெரியும்.

நம் நாட்டோடு ஒப்பிட விரும்பும் மாணவருக்கு ஒரு குறிப்பு. 2022 பொதுத்தேர்தலில் சிலாங்கூரின் பாங்கி தொகுதியில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள். சரவாக்கின் இகான் தொகுதியில் 30 ஆயிரத்துக்கும் குறைவு. இரண்டுக்கும் ஆளுக்கு ஓர் உறுப்பினர். கலிபோர்னியாவும் வயோமிங்கும் நமக்கு அவ்வளவு தூரம் இல்லை.

6. பேச்சிலிருந்து எழுத்துக்கு

தலைப்பு: ‘மாணவர்கள் பிற நாட்டு அரசியலை அறிந்திருப்பது அவசியம்.’ இதை ஒட்டிப் பேசச் சொன்னால் வகுப்பில் இப்படி ஒரு பதில் வரும்.

“கண்டிப்பா தெரிஞ்சிருக்கணும் டீச்சர். டிரம்ப் வரி போட்டாரு, நம்ம ஊருல எல்லாருக்கும் வேல போச்சு. அது தெரியாம இருந்தா நாம எல்லாம் முட்டாளாத்தான் இருப்போம்.”

ஆர்வம் நல்லது. ஆனால் ‘எல்லாருக்கும் வேலை போச்சு’ என்பதற்குச் சான்று இல்லை. ‘முட்டாள்’ என்பது வாதம் இல்லை. ஆர்வத்தைக் குறைக்காமல் திருத்தினால் இப்படி வரும்.

“பிற நாட்டு அரசியல் முடிவுகள் நம் அன்றாட வாழ்வைத் தொடுவதால், மாணவர்கள் அவற்றை அறிந்திருப்பது அவசியம். சான்றாக, 2025இல் அமெரிக்கா மலேசியப் பொருள்களுக்கு இறக்குமதி வரி விதித்தது. ஜொகூரின் மூவார் வட்டாரத்தில் தயாராகும் மரத் தளவாடங்களுக்கு அமெரிக்கா முதன்மைச் சந்தையாகும். அவ்வரியை அமெரிக்க இறக்குமதியாளரே செலுத்தினாலும், அவர் வாங்கும் அளவைக் குறைத்தால் இங்குள்ள தொழிலாளர்களின் வருமானம் பாதிக்கப்படலாம். ஆகவே, தொலைதூர நாட்டின் தேர்தலும் நம் இல்லத்தின் வரவு செலவோடு தொடர்புடையதே என்பதை மாணவர்கள் உணர வேண்டும்.”

இந்தப் பத்தியில் கூற்று, காரணம், சான்று, மறுப்புக்கு முன்கூட்டிய விடை, முடிவு ஆகிய ஐந்தும் இருக்கின்றன. மணிமேகலையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூல் கற்பிக்கும் பகுதியில் பக்கம், ஏது, திட்டாந்தம் என்று வருகிறதே, அதைத்தான் நாம் இன்று கூற்று, காரணம், எடுத்துக்காட்டு என்கிறோம். எஸ்.டி.பி.எம். மாணவர்கள் அந்தக் காதையை இந்தக் கண்ணோட்டத்தில் ஒரு முறை படித்துப் பாருங்கள். ‘பாதிக்கப்படலாம்’ என்ற சொல்லையும் கவனியுங்கள். கணிப்பைக் கணிப்பாகவே எழுதியிருக்கிறோம். வரி விகிதம் போன்ற எண்கள் மாறக்கூடியவை; எழுதும்போது ஆண்டைச் சேர்த்தே எழுதுங்கள்.

7. வகுப்பறைக்குச் சில வழிகள்

ஆசிரியர்களே, இத்தலைப்பை வகுப்பில் எடுக்கத் தயக்கம் இருக்கும். வீட்டில் கேட்டதை மாணவர் அப்படியே கொண்டுவருவார். அரசியல் சண்டையாகிவிடுமோ என்ற பயம். அமெரிக்கா தூரத்தில் இருப்பது இங்கே நமக்கு வசதி. உள்ளூர்க் கட்சிகளைத் தொடாமலே வாதத் திறனைப் பழக்கலாம். இவற்றைச் செய்து பாருங்கள்.

ஒட்டிப் பேசுவது யார், வெட்டிப் பேசுவது யார் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். பத்து நிமிடம் கழித்து அணிகளை மாற்றுங்கள். தமக்குப் பிடிக்காத பக்கத்துக்குக் காரணம் தேடும்போதுதான் மாணவர் உண்மையில் யோசிக்கிறார்.

மறுப்பதற்கு முன் எதிரணி சொன்னதைத் தம் சொல்லில் சொல்ல வைக்க வேண்டும். “ஆமா, அதத்தான் சொன்னேன்” என்று எதிரணி ஒப்புக்கொண்ட பிறகே மறுப்பு.

ஆள் பெயர் வந்தால் நிறுத்துங்கள். “அவரைப் பற்றி வேண்டாம் தம்பி, அவர் செய்ததைப் பற்றிச் சொல்லுங்க” என்றால் போதும்.

வெண்பலகையை நான்காகப் பிரித்து, செய்தி, காரணம், மதிப்பீடு, கணிப்பு என்று தலைப்பிடுங்கள். ஒவ்வொரு கூற்றும் எந்தக் கட்டத்துக்குப் போகும் என்று வகுப்பே முடிவு செய்யட்டும். செய்திக் கட்டத்தில் விழுந்த ஒவ்வொன்றையும் சரிபார்ப்பது அன்றைய வீட்டுப்பாடம்.

8. நமக்கு உள்ள ஓட்டு

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கத் தேர்தலைப் பற்றி எவ்வளவு பேசினாலும் அங்கே நமக்கு ஓட்டு இல்லை. இங்கே இருக்கிறது. வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைக்கும் சட்டத் திருத்தத்தை மக்களவை 2019 ஜூலையில் ஏற்றது. 2021 டிசம்பர் 15இல் அது நடைமுறைக்கு வந்தது. 18 வயதினர் முதன்முதலாக வாக்களித்த தேர்தல், 2022 மார்ச் 12இல் நடந்த நம் ஜொகூர் சட்டமன்றத் தேர்தல்தான். அன்று வாக்களித்தோர் ஏறத்தாழ 55 விழுக்காட்டினர் மட்டுமே.

இதைப் படிக்கும் படிவம் 5 மாணவர் பலருக்கு அடுத்த ஆண்டே அந்தச் சீட்டு கையில் கிடைக்கும். அன்று ‘நம்ம ஆளு’ என்பதற்காகக் கோடு போடப் போகிறீர்களா, செய்தியையும் காரணத்தையும் பிரித்துப் பார்த்துப் போடப் போகிறீர்களா? அந்தப் பழக்கம் வாக்குச்சாவடி வரிசையில் நிற்கும்போது திடீரென்று வந்துவிடாது. இப்படிப்பட்ட வாதங்களில்தான் அது பழக வேண்டும். மாமாவோடு பேசும்போதுகூட, “மாமா, நீங்க சொல்ற கவலை சரிதான். ஆனா வரியக் கட்டுறது யாருன்னு மட்டும் பாத்துடுவோமா?” என்று தொடங்கிப் பாருங்கள். பேச்சு தொடரும், உறவும் தொடரும்.

பயிற்சி

1. கீழ்க்காணும் கூற்றுகளைச் செய்தி, காரணம், மதிப்பீடு, கணிப்பு என வகைப்படுத்துக.
(அ) 2024இல் டிரம்ப் 312 தேர்வாளர்களைப் பெற்றார்.
(ஆ) மக்கள் ஓட்டு மட்டுமே அதிபரை முடிவு செய்வது நியாயம்.
(இ) விலைவாசி உயர்வால்தான் ஆளுங்கட்சி தோற்றது.
(ஈ) அடுத்த தேர்தலில் இந்த முறை மாறிவிடும்.

2. ‘பெரும்பான்மை’, ‘அதிகம்’ ஆகிய இரண்டு சொற்களின் பொருள் வேறுபாடு விளங்க இரண்டு வாக்கியங்கள் அமைத்திடுக.

3. பிரிவு 2இல் உள்ள மாமா, மருமகன் உரையாடலை, ஆளைத் தாக்காமலும் ஒரே கேள்வியில் நிலைத்து நின்றும் பேசுவதுபோல் மாற்றி எழுதுக. பேச்சு வழக்கு இருக்கலாம்.

4. ‘பள்ளியில் அரசியல் விவாதங்கள் நடத்தப்பட வேண்டும்.’ இத்தலைப்பை ஒட்டியும் வெட்டியும் கருத்துகள் திரட்டி, எழுவகை மதத்தில் குறைந்தது மூன்றைப் பயன்படுத்தி விவாதக் கட்டுரை ஒன்றனை எழுதுக.

விடைகளை வகுப்பில் கலந்துரையாடுங்கள். முதல் கேள்வியின் (இ) கூற்றில் ‘தான்’ என்ற இடைச்சொல் என்ன வேலை செய்கிறது என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். தேர்வு எழுதும் மாணவர் அனைவருக்கும் நல்வாழ்த்துகள்.